மருந்துக் கடை: தரத்தின் கடைசிச் சோதனை

இந்தியாவில் சில்லறை மருந்துக் கடை நடத்த இரண்டு உரிமங்கள் வேண்டும். படிவம் 20-இல் தரப்படும் உரிமம் பொதுவான மருந்துகளுக்கானது. தடுப்பூசி, இன்சுலின், ஊசி வழியாகச் செலுத்தும் ஆன்டிபயாட்டிக் முதலியவற்றுக்குப் படிவம் 21. இரண்டையும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழங்குகிறது. கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் பரப்பு இருக்க வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தை அந்த மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. போலிக் குயினைனும் வீரியமற்ற மருந்துகளும் சந்தையில் மலிந்திருப்பதாகப் புகார்கள் பெருகவே, 1930-இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளிலிருந்து 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் பிறந்தன. மருந்தாளுநரின் படிப்பையும் பதிவையும் முறைப்படுத்தும் பார்மசி சட்டம் 1948-இல் வந்தது. இன்றைய மருந்துக் கடை இவற்றின் மேல்தான் நிற்கிறது.

மருந்து வாங்க வருபவருக்கு இந்தச் சட்டங்களெல்லாம் மூன்று உறுதிகளைத் தர முயல்கின்றன. மருந்து உண்மையானதாக இருக்க வேண்டும். கடையில் இருந்த காலத்தில் அதன் வீரியம் குறைந்திருக்கக் கூடாது. உரிய ஆளுக்கு, உரிய அளவில், உரிய விளக்கத்தோடு போய்ச் சேர வேண்டும். முதல் இரண்டுக்கும் சட்டம் விரிவாக வழி செய்திருக்கிறது. மூன்றாவதுதான் நோயாளியின் உயிருக்கு மிக நெருக்கமானது; ஆனால் பெரும்பாலும் அது கடையின் பழக்கவழக்கத்தையே நம்பியிருக்கிறது.

சரக்கு உள்ளே வரும்போது

மொத்த விற்பனையாளரிடமிருந்து பெட்டி வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பில்லையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது. மருந்தின் பெயர், வீரிய அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி, எண்ணிக்கை ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். உரிமம் உள்ளவரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்பது விதி. மருத்துவர்களுக்கு இலவச மாதிரியாகத் தரப்பட்டதையும், அரசு மருத்துவமனைக்கென வழங்கப்பட்டதையும் கடையில் வைத்திருக்கவே கூடாது. பில் இல்லாமல் குறைந்த விலைக்கு வரும் சரக்கைத் தொடாமல் இருப்பதே போலி மருந்துக்கு எதிரான முதல் தடுப்பு. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத மருந்து, பார்ப்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நம்பத் தகுந்ததல்ல.

போலி மருந்தும் தரம் குறைந்த மருந்தும் ஒன்றல்ல. வேறொருவர் தயாரிப்பைப் போல நடித்து ஏமாற்றுவது போலி. முறையான தொழிற்சாலையில் தயாராகி, ஏதோ ஒரு சோதனையில் தேறாமல் போவது தரக் குறைவு. 2014-க்கும் 2016-க்கும் இடையே நடந்த தேசிய மருந்து ஆய்வில் 47,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சோதிக்கப்பட்டன. தரம் குறைந்தவை 3.16 சதவீதம், போலி 0.0245 சதவீதம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. மக்கள் அதிகம் அஞ்சுவது போலிக்கு. அதிகம் புழங்குவதோ தரக் குறைவு. மாத்திரையில் மருந்துப் பொருள் முழு அளவில் இருந்தும் அது வயிற்றில் கரையாவிட்டால் பயனில்லை. பூச்சில்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடங்களுக்குள் நீரில் உதிர வேண்டும் என்பது இந்திய மருந்தியல் தர நூலான ஃபார்மகோப்பியாவின் அளவுகோல்.

இத்தகைய சோதனைகளைக் கடையில் செய்ய முடியாது. கண்ணால் காணக்கூடியதைத்தான் மருந்தாளுநர் கவனிக்க முடியும். மாத்திரையில் புள்ளி விழுந்திருக்கிறதா, கேப்சூல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, உப்புக் கரைசல் பொடி கட்டி தட்டியிருக்கிறதா, கண் சொட்டு மருந்தின் சீல் உடைந்திருக்கிறதா, அட்டையில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கலாம். அதிகம் விற்கும் 300 மருந்துகளின் பெட்டிகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் குறியீடு கட்டாயம். கைபேசியில் அதை வருடினால் தயாரிப்பாளர், பேட்ச், காலாவதி, உரிம எண் ஆகியவை தெரியும். அந்த விவரங்களும் அட்டையில் அச்சானவையும் ஒத்துப்போகாவிட்டால் மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு மருந்து ஆய்வாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சில ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் இனிப்பாக இருக்கும். சிரப்பில் கலந்திருந்தால் குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சிறுநீரகத்தை அழித்துவிடும். 1937-இல் அமெரிக்காவில் இந்தக் கரைப்பானில் தயாரித்த சல்ஃபா மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் பலர் இதே நஞ்சுக்குப் பலியானார்கள். 2025-இல் தமிழ்நாட்டில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 48.6 சதவீத டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம்.

இந்தக் குற்றத்துக்குத் தயாரிப்பு நிலையமும் மேற்பார்வையும்தான் பொறுப்பு. எந்தக் கடைக்காரரும் அந்த நஞ்சைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் செய்தி வெளியானதும் அந்தப் பேட்ச்சைத் தேடி எடுப்பது கடையின் கையில்தான் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான மருந்து என்றால் 24 மணி நேரத்துக்குள் விற்பனை நிற்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் சரக்கு திரும்ப வேண்டும் என்கின்றன மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்கள். ஒவ்வொரு விற்பனை பில்லிலும் பேட்ச் எண் பதிவாகும் கடையில் சில நிமிடங்களில் யார் யாருக்கு அது போனது என்று எடுத்து, வீட்டுக்கே போன் செய்து, “அந்த பாட்டிலைக் கொடுக்காதீர்கள்” என்று சொல்லிவிடலாம். பில் போடாமல் விற்ற கடையில் அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. பில் என்பது வெறும் வரிக் கணக்கல்ல என்பதை இந்த ஒரு நிகழ்வே போதுமான அளவு காட்டிவிட்டது.

அலமாரியும் குளிர்பெட்டியும்

காலாவதித் தேதியில் மாதமும் ஆண்டும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். ஆனால் அந்தத் தேதி நிபந்தனையோடு வருகிறது: அட்டையில் சொன்ன வெப்பநிலையில், சொன்ன உறையில் மருந்து இருந்திருக்க வேண்டும். “25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்” என்று எழுதப்பட்ட மருந்து, கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் மேல் தட்டில் இரண்டு மாதம் கிடந்தால், தேதி மிச்சமிருந்தும் வீரியம் மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பகலில் குளிரூட்டி ஓடி, இரவில் ஷட்டரை இறக்கியதும் அடுப்பாகிவிடும் கடைகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆகவே வெப்பமானியை மாட்ட வேண்டிய இடம் கவுண்டருக்குப் பக்கத்தில் அல்ல, கடையிலேயே அதிகம் சூடாகும் மூலையில்.

ஈரப்பதம் இன்னொரு எதிரி. ஆஸ்பிரின் ஈரத்தை உறிஞ்சினால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். பழைய ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்ததும் காடி வாடை அடிப்பது இதனால்தான். அமாக்சிசிலினோடு சேர்த்துத் தரப்படும் கிளாவுலானிக் அமிலம் ஈரம் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். அதனால்தான் அந்த மாத்திரைகள் ஒளியும் காற்றும் புகாத கெட்டியான அலுமினிய உறையில் வருகின்றன. குழந்தைகளுக்கான அதன் பொடி சிரப்பில் தண்ணீர் கலந்துவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து ஏழு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இந்த மாத்திரைகளை உறையிலிருந்து பிதுக்கி எடுத்து, காகிதக் கவரில் போட்டுத் தருவது, தயாரிப்பாளர் கட்டிய பாதுகாப்பு முழுவதையும் ஒரு நொடியில் கழற்றி எறிவதாகும். கெட்டுப்போன மருந்து வெறுமனே பலனற்றுப் போவதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. சிதைந்த டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரக நுண்குழாய்கள் பாதிக்கப்பட்ட செய்தி 1963-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது.

குளிர்பெட்டிக்குள் இருக்க வேண்டிய வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். மருந்துக் கடைகளில் அதிகம் கவனிக்கப்படும் தவறு மின்வெட்டினால் சூடேறுவது. அதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது உறைந்து போவது. இன்சுலின் ஒரு புரதம். ஒரு முறை உறைந்தால் அதன் மூலக்கூறுகள் திரண்டு ஒட்டிக்கொள்ளும், உருகிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. அலுமினிய உப்பு சேர்ந்த பல தடுப்பூசிகளும் அப்படித்தான். வீட்டுக் குளிர்பெட்டிகளில் உறைபெட்டிக்கு அடியில் உள்ள தட்டும் பின் சுவரும் பூச்சியத்துக்கும் கீழே போகக்கூடும். கதவோ திறக்கும்போதெல்லாம் சூடாகும். நடுத் தட்டில், சுவரைத் தொடாமல், பெட்டிகளுக்கிடையே காற்று புகும்படி அடுக்குவதே முறை. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானியைக் காலையிலும் மாலையிலும் படித்து நோட்டில் எழுத வேண்டும். இரவில் மூன்று மணி நேரம் மின்சாரம் போயிருந்தால் காலையில் காட்டும் 6 டிகிரி அதைச் சொல்லாது. அதிகபட்சப் பதிவுதான் சொல்லும். தண்ணீர் பாட்டிலும் தயிர்ச் சாதமும் அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

வாங்குபவர் இன்சுலினை வீட்டுக்குக் கொண்டுபோகும் அரை மணி நேரமும் கடையின் பொறுப்பில் சேர்ந்ததுதான். ஐஸ் பேக்கின் மேல் நேரடியாக வைக்காமல், இடையில் துணியோ அட்டையோ வைத்துக் கொடுக்க வேண்டும். திறந்து பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலினைப் பொதுவாக நான்கு வாரங்கள் வரை சாதாரண அறை வெப்பத்தில் வைக்கலாம். வெயில் காலத்தில் அதையும் நிழலான, குளிர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். இரண்டு செய்தியையும் வாய் திறந்து சொன்னால்தான் வாங்குபவருக்குத் தெரியும்.

அடுக்கும் முறையில் விதி எளிது: முதலில் காலாவதியாவது முன்னால். புதுச் சரக்கைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னுக்கு இழுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளை மாதம் ஒரு முறை தனியாக எடுத்துப் பட்டியலிட்டால் அவற்றை உரிய நேரத்தில் திருப்பியனுப்பலாம். காலாவதியானவை “விற்பனைக்கு அல்ல” என்று எழுதிய தனிப் பெட்டிக்குள் போக வேண்டும். அட்டையிலிருந்து நான்கு மாத்திரை வெட்டித் தரும்போது தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான முனையை விட்டுவிட்டு மறு முனையிலிருந்து வெட்டுவது நல்ல பழக்கம். ஆனால் அந்த நான்கு மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறவரிடம் தேதி இருக்காது. கவரின் மேல் மருந்தின் பெயர், பேட்ச், காலாவதி மூன்றையும் எழுதித் தருவதுதான் முழுமையான தீர்வு.

சீட்டு முதல் கவர் வரை

மருந்துகளை விதிகள் பல அட்டவணைகளாகப் பிரிக்கின்றன. எச் அட்டவணையில் உள்ளவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளும் ரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளும் இதில் அடங்கும். எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டிரமடால் போன்ற பழக்கமாகக்கூடிய மருந்துகள் இதில் உள்ளன. அட்டையில் சிவப்பு நிற ஆர்எக்ஸ் குறியும் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருக்கும். விற்றால், மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ் அட்டவணை மருந்துகளைப் பூட்டி வைக்க வேண்டும். சீட்டின் ஒரு படியை இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதி ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் அடிக்கடி மீறப்படுகிறது. “காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று கேட்பவரிடம் ஆன்டிபயாட்டிக்கை இரண்டு இரண்டாக வெட்டிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவியல்ல. கிருமிகளைப் பாதி கொன்று, மீதிப் பாதியைப் பழக்கப்படுத்தி விடும் வேலை அது. இந்த இடத்தில் மறுக்கத் தெரிந்த மருந்தாளுநரே ஊருக்கு நல்லவர்.

சீட்டில் எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால் அதே மூலப்பொருள் உள்ள வேறு கம்பெனி மருந்தைக் கடைக்காரரே மாற்றித் தரலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். எச் அட்டவணை மருந்துகளுக்கு விதி அதை அனுமதிக்கவில்லை. மருத்துவரைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும். மாற்றித் தருவது பல நேரங்களில் நோயாளியின் பணத்தை மிச்சப்படுத்தும் என்பதும் உண்மை. எனவே இங்கே வேண்டியது மருத்துவருக்கு ஒரு போன், சீட்டின் மேல் ஒரு குறிப்பு.

இனி தவறுகளின் கதை. மருந்துக் கடையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை. பெயரும் உருவமும் ஒத்திருப்பதால் வருகின்றன. மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் இரண்டும் அகர வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று சர்க்கரைக்கு, மற்றது வயிற்றுக் கிருமிக்கு. ஒரே வணிகப் பெயருக்குப் பின்னால் எச், ஏஎம், எம் என்று ஒட்டுகள் சேரும்போது உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும். கணினியில் முதல் மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு முதலில் வந்ததைத் தேர்ந்தெடுக்கும் விரலுக்கு அந்த ஒட்டு தெரியாது. இவற்றைப் பிரித்து வெவ்வேறு தட்டில் வைப்பது, தட்டின் விளிம்பில் வேறு நிற அட்டை ஒட்டுவது, பட்டைக் குறியீட்டை வருடிச் சரிபார்ப்பது ஆகியவை செலவு குறைந்த தடுப்புகள்.

அளவு தொடர்பான தவறுகள் இன்னும் கடுமையானவை. இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்கு உரியதற்கு மூடி சிவப்பு, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு. 40-க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். அதில் 100 யூனிட் இன்சுலினை நிரப்பினால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை இறங்கி நினைவிழக்கப் போதுமான அளவு. மாறி நடந்தால், அதாவது 100-க்கான சிரிஞ்சில் 40 யூனிட் இன்சுலின் என்றால், 20 கோட்டுக்கு 8 யூனிட்தான் போகும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். “சிரிஞ்சு குடுங்க” என்று கேட்பவரிடம் “எந்த இன்சுலின் போடுறீங்க, குப்பியைக் காட்டுங்க” என்று கேட்பது, இந்த இரண்டு ஆபத்தையும் ஒரே கேள்வியில் அடைத்துவிடுகிறது.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலும் இப்படித்தான். சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 என்று இன்னொன்று. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் தர வேண்டுமென்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிலிட்டர், 250 சிரப்பில் 3, 125 சிரப்பில் 6. போன முறை 6 மில்லி கொடுத்த நினைவில் இந்த முறை சொட்டு மருந்தை 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும். கடைக்காரர் அளவு மூடியையோ சொட்டுக் குழாயையோ எடுத்து, எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் கொடுப்பதற்கு அரை நிமிடம் ஆகும். வீட்டு டீஸ்பூனின் கொள்ளளவு வீட்டுக்கு வீடு மாறுவதால் அதை அளவாகக் கொள்ளக் கூடாது.

மெத்தோட்ரெக்சேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் இதை வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் விழுங்கியவர்கள் வாய்ப்புண்ணும் எலும்பு மச்சைச் செயலிழப்பும் வந்து இறந்திருக்கிறார்கள். உலகின் பல நாடுகளில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டும் துணைக்குத் தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள் நிறம். இரண்டும் ஒரே கவருக்குள் போனால் குழப்பம் உறுதி. நான்கு வாரத்துக்கு மேல் ஒரே நேரத்தில் தராமல் இருப்பதும், எந்தக் கிழமை என்று கவரில் பெரிதாக எழுதுவதும் இதற்குரிய பழக்கங்கள்.

எல்லா மருந்துக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. அலமாரியிலிருந்து எடுக்கும்போது, வெட்டும்போது, கையில் கொடுக்கும்போது என மூன்று முறை பெயரையும் அளவையும் படிக்க வேண்டும். படிப்பது நினைவோடு ஒப்பிட அல்ல, சீட்டோடு ஒப்பிட. எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்றிருந்தால் நல்லது. ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கூடை இருந்தால், அடுத்தவர் மருந்து இவர் பையில் விழாது. எழுத்து புரியவில்லையென்றால் ஊகிக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கவுண்டரில் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது இதெல்லாம் கடினம்தான். தவறுகள் நிகழ்வதும் அந்த நேரத்தில்தான்.

சொல்லிக் கொடுப்பது

இந்திய பார்மசி கவுன்சில் 2015-இல் வெளியிட்ட தொழில் ஒழுங்குமுறைகளின்படி நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்குவது மருந்தாளுநரின் கடமை. உலகச் சுகாதார நிறுவனமும் உலக மருந்தாளுநர் கூட்டமைப்பும் 2011-இல் திருத்தி வெளியிட்ட நல்ல மருந்தகச் செயல்முறையும் இதையே மையத்தில் வைக்கிறது. நடைமுறையில் விளக்கம் என்பது “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்பதோடு முடிந்துவிடுகிறது.

நல்ல விளக்கம் கேள்வியில் தொடங்கும். மருந்து யாருக்கு? வேறு என்ன மருந்து ஓடுகிறது? எதற்காவது ஒவ்வாமை உண்டா? கர்ப்பமா, தாய்ப்பால் கொடுப்பவரா? நெஞ்சு வலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவர் சில்டெனாஃபில் கேட்டால் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரண வலி மாத்திரையே குடலில் ரத்தக் கசிவை வரவழைக்கலாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்து, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் தைராய்டு மருந்து உடலில் சேராது.

சொன்னது புரிந்ததா என்று அறிய “புரிஞ்சுதா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொல்வதே வழி. “பாட்டி, இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுந்தான். எந்தக் கிழமை சாப்பிடுவீங்க?” “திங்கக்கெழம.” “செவ்வாக்கெழம?” “அன்னைக்கு வேற மாத்திரை, இது இல்ல.” இந்த இரண்டு பதிலையும் கேட்ட பிறகே அந்தக் கவர் கைமாற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. நல்ல முறை அது.

இதையெல்லாம் செய்ய மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ வேலை பார்க்கும் வழக்கம் இந்தத் தொழிலின் ஆழமான நோய். குளிர்பெட்டியும் பதிவேடும் எவ்வளவு சரியாக இருந்தாலும், கேள்வி கேட்கத் தெரிந்தவர் இல்லாத கடையில் அது மருந்துச் சரக்கின் பாதுகாப்பு மட்டுமே. நோயாளியின் பாதுகாப்பு அல்ல.

ஆய்வாளரும் தவறேடும்

மருந்து ஆய்வாளர் ஒவ்வொரு கடையையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்வையிட வேண்டும். சந்தேகப்பட்ட மருந்தை மாதிரியாக எடுக்கும்போது படிவம் 17-இல் தகவல் கொடுத்து, விலையைத் தந்து, மாதிரியைப் பங்கிட்டு சீல் வைப்பார். ஒரு பங்கு கடைக்காரரிடமே இருக்கும், ஒன்று அரசு பகுப்பாய்வாளருக்கு, ஒன்று வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு. மருந்தைத் தமக்கு விற்றவர் இன்னார் என்று கடைக்காரர் காட்டினால் அவருக்கும் ஒன்று. பகுப்பாய்வு முடிவு படிவம் 13-இல் வரும். உரிமம் உள்ளவரிடம் முறையாக வாங்கி, சரியாகப் பாதுகாத்து, குறையை அறிந்துகொள்ள வழியில்லாமல் விற்றதாக நிரூபிக்கும் கடைக்காரருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதற்கு அவர் கையில் இருக்க வேண்டியவை கொள்முதல் பில்லும் வெப்பநிலை நோட்டும்.

மருந்தைச் சாப்பிட்டபின் தோல் உரிவது, முகம் வீங்குவது போன்ற எதிர்பாராத விளைவுகளைத் தெரிவிக்க 2010-இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய ஃபார்மகோப்பியா ஆணையம் இதை நடத்துகிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்ல, மருந்தாளுநரும் நோயாளியும்கூடத் தகவல் தரலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் உண்டு.

கடையில் நேரும் தவறுகளுக்கு மட்டும் இப்படி ஒரு பழக்கம் ஊன்றவில்லை. காரணம் அச்சம். இங்கிலாந்தில் 2007-இல் பிரெட்னிசோலோனுக்குப் பதில் ப்ரோப்ரனலால் கொடுத்த மருந்தாளுநர் ஒருவருக்கு மூன்று மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2010-இல் மேல்முறையீட்டில் அது 300 பவுண்டு அபராதமாகக் குறைந்தது. தண்டனைக்கு அஞ்சித் தவறுகளை மறைத்தால் யாரும் எதையும் கற்க முடியாது என்ற வாதம் அங்கே வலுத்தது. கவனக்குறைவாக நேர்ந்த தவறுக்குக் குற்ற வழக்கிலிருந்து தற்காப்புத் தரும் ஆணை 2018-இல் வந்தது. தவறு நேர்ந்ததும் நோயாளிக்குச் சொல்வது அந்தத் தற்காப்புக்கான நிபந்தனைகளில் ஒன்று.

இந்தியக் கடைகள் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்காமல் ஒரு நூறு பக்க நோட்டில் இதைத் தொடங்க முடியும். நோயாளி கைக்குப் போகும் முன் பிடிபட்ட தவறும் அதில் ஏற வேண்டும். தேதி, நேரம், எந்த மருந்துக்கு எது எடுக்கப்பட்டது, யார் எப்படிக் கண்டுபிடித்தார், அந்த நேரத்தில் கடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான்கைந்து வரி போதும். எடுத்தவர் பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் அதைப் படித்தால் ஒரே ஜோடி மருந்துகள், ஒரே தட்டு, ஒரே மாலை நேரம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதன்பின் அந்த ஜோடியில் ஒன்றை எதிர்ச் சுவருக்கு மாற்றலாம், அந்த நேரத்தில் சரிபார்க்க இன்னொருவரை நிறுத்தலாம், தொலைபேசியை எடுக்கும் வேலையை மருந்து எடுப்பவரிடமிருந்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அடுத்த மாத நோட்டில் அந்த வரிகள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறையவில்லையென்றால் இடம் மாற்றியது போதவில்லை, வேறு தடுப்பு தேட வேண்டும்.